வீட்டிலிருந்து பணி, நெகிழ்வான பணிநேரம் ஆகியவற்றை எழுத்துப்பூர்வ ஒப்பந்தமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
ஊழியர் சங்கம்,
ஆஸ்டின் டவுன் (எஃப். கிட்டல் நகர்),
பெங்களூரு – 560047.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
கர்நாடக அரசு தொழிலாளர் துறை,
கார்மிக பவன், ஐ.டி.ஐ. வளாகம்,
பன்னேர்கட்டா சாலை, பெங்களூரு – 560029.

பொருள்: வீட்டிலிருந்து பணிபுரியவும் பணிநேரத்தை மாற்றியமைக்கவும் ஊழியர் விண்ணப்பிக்கும் உரிமை – சங்கத்துடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் – முத்தரப்புக் கூட்டம் கூட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆஸ்டின் டவுன், விவேக்நகர், நீலசந்திரா, ஈஜிபுரா பகுதிகளில் குடியிருந்துகொண்டு நகரின் மென்பொருள் நிறுவனங்களிலும் அழைப்பு மையங்களிலும் கணக்கு, காப்பீட்டு அலுவலகங்களிலும் வேலை பார்க்கும் ஊழியர்களின் சங்கம் எங்களுடையது. எங்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எங்களுக்கு முந்தைய தலைமுறை ஆலைகளிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் உழைத்தது. 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் நீடித்த பெங்களூரு பொதுத்துறை வேலைநிறுத்தத்தைப் பார்த்த தலைமுறை அது. ஷிப்ட் நேரம், வார ஓய்வு, பஸ் வசதி எல்லாமே மேலதிகாரியின் மனம்போல மாறக்கூடாது, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். வேலை செய்யும் இடத்துக்கும் அதே விதி பொருந்த வேண்டும் என்று கேட்டே இம்மனுவை அளிக்கிறோம்.

இன்றைய நிலை

கொரோனா ஊரடங்கு வந்த 2020 மார்ச்சில் எங்கள் உறுப்பினர்கள் ஒரே வாரத்தில் மடிக்கணினியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சமையலறை மேடையிலும் கட்டில் ஓரத்திலும் உட்கார்ந்து வேலையை முடித்துக் கொடுத்தார்கள். நிறுவனங்களின் பணி நிற்கவில்லை. பிறகு வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்றார்கள், அது மூன்றானது, பல இடங்களில் ஐந்தும் ஆகிவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு மின்னஞ்சலில் வந்தது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை வரும், திங்கள்கிழமை நடைமுறைக்கு வந்துவிடும். ஊழியரையோ சங்கத்தையோ யாரும் கேட்கவில்லை. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருடைய மேனேஜர் வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதிக்கிறார், மற்றவருடைய மேனேஜர் மறுக்கிறார். காரணம் கேட்டால் ‘இதுதான் பாலிசி’ என்ற பதில் மட்டும் கிடைக்கிறது.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் ஒரு நாளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவர் அவர். காலை 7 மணிக்குக் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். பெள்ளந்தூருக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஈஜிபுரா மேம்பாலப் பணி 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதால், எங்கள் பகுதியை விட்டு வெளியேறுவதே பெரும்பாடு. போக்குவரத்து நெரிசலைக் கணக்கிடும் டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெங்களூருவில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. பேருந்து மாறிப் போகிறவர்களுக்கு அதற்கும் மேல். அலுவலக வாசலில் அட்டையை ஸ்வைப் செய்து உள்ளே போனதும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புனேயிலும் லண்டனிலும் இருக்கும் சக ஊழியர்களுடன் வீடியோ கூட்டத்தில் பேசுகிறார். அவருடைய குழுவினர் யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. மாலை வரை அதே திரைதான். வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து பணிபுரிய அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்றுவரை எழுத்தில் பதில் இல்லை.

அரசே காட்டிய முன்மாதிரி

வீட்டிலிருந்து பணிபுரிவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமுக்கு ஒரு கடிதம் எழுதியது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரையிலான மெட்ரோ பணியால் வெளிவட்டச் சாலையில் நெரிசல் கூடும் என்பதால், அங்குள்ள நிறுவனங்கள் 2022 டிசம்பர் வரை வீட்டிலிருந்து பணியைத் தொடரலாம் என்று அதில் அறிவுறுத்தியது. அந்தத் தடத்தில் 2025 முடியும் வரை ரயில் ஓடவில்லை. நெரிசலும் குறையவில்லை. அறிவுரையின் காலம் மட்டும் முடிந்துபோனது.

மத்திய அரசும் 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறையின் விதிகளைத் தளர்த்தி, அழைப்பு மைய ஊழியர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிய வழிசெய்தது. வாடிக்கையாளர் தகவல் பாதுகாப்பைச் சொல்லி எங்கள் விண்ணப்பங்களை மறுக்கும் நிர்வாகங்கள், அதே பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் இரண்டு ஆண்டுகள் வீடுகளிலிருந்து வேலை வாங்கியவைதான்.

சட்டத்தின் நிலை

பணிநேரத்தை மாற்றுவதானாலும், வழக்கமாக இருந்துவரும் சலுகையைத் திரும்பப் பெறுவதானாலும், 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும் கூறின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின் 40-ஆம் பிரிவிலும் இந்தக் கடமை தொடர்கிறது. ஆண்டுக்கணக்கில் நடந்துவந்த வீட்டிலிருந்து பணி என்ற ஏற்பாடு, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரும் ஊழியர்களுக்கு இத்தகைய வழக்கமான சலுகையே. அதை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்வது சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. வேலையின் தன்மை இடங்கொடுத்தால், விடுப்புக்குப் பிறகு தாயும் நிர்வாகமும் பேசி வீட்டிலிருந்து பணியை முடிவு செய்யலாம் என்றும் சேர்த்தது. இந்தத் திருத்தத்தின் கீழ் 2021-இல் ஒரு வழக்கை விசாரித்த கர்நாடக உயர் நீதிமன்றம் வேலையின் தன்மையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்து செய்ய முடியாத ஆராய்ச்சிப் பணி என்பதால் அந்த வழக்கில் சலுகை கிடைக்கவில்லை. அதே அளவுகோலின்படி, வேலையின் தன்மை இடங்கொடுக்கும்போது மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டாமா என்று கேட்கிறோம்.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2020 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட, சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணைகளின் (பணி நிபந்தனை விதிகளின்) வரைவிலும் வீட்டிலிருந்து பணி இடம்பெற்றது. ஆனால் கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்பத் துறைக்கு 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் நிலையாணைச் சட்டத்திலிருந்து அடுத்தடுத்து விலக்கு அளிக்கப்பட்டது. நிர்வாகமும் ஊழியர்களும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குறைதீர்க் குழு இருக்க வேண்டும் என்பது அந்த விலக்கின் நிபந்தனைகளில் ஒன்று. எங்கள் உறுப்பினர்கள் பணிபுரியும் பல இடங்களில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே ஊழியர்களுக்குத் தெரியாது.

2024 ஜூலையில் ஐ.டி. ஊழியரின் பணிநாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை எழுந்தபோது, கர்நாடக மாநில ஐ.டி. ஊழியர் சங்கமான ‘கிட்டு’ அதை வெளிப்படையாக எதிர்த்துப் போராடியது. பணிநாளை நீட்டிக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்டால் அரசு ஆலோசிக்கிறது. பணியிடத்தையும் நேரத்தையும் பற்றி ஊழியர் கேட்பதையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வான பணிக்கு விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. நிர்வாகம் ஊழியருடன் கலந்து பேசாமல் மறுக்க முடியாது, இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்த வழிகாட்டி நெறிகள் 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அங்கும் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இங்கே கிளை வைத்திருக்கும் பல நிறுவனங்கள் அந்த நாடுகளில் இந்த முறைகளைப் பின்பற்றித்தான் தொழில் நடத்துகின்றன.

அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டிய தோழர்கள்

எங்கள் தெருக்களில் மடிக்கணினியோடு வேலை செய்பவர்கள் மட்டும் இல்லை. அதே கண்ணாடிக் கட்டடங்களில் தரை துடைப்பவர்கள், வாசலில் காவல் நிற்பவர்கள், கேன்டீனில் வேலை செய்பவர்கள், கார் ஓட்டுபவர்கள் ஆகியோரும் எங்கள் அண்டை வீட்டார்தான். அலுவலகங்கள் காலியானபோது முதலில் சம்பளம் இழந்தவர்கள் அவர்கள். ஒரு சாராருக்குக் கிடைக்கும் வசதி இன்னொரு சாராரின் வயிற்றில் அடிக்கக்கூடாது. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையிலும் நேரத்தை நெகிழ்வாக அமைக்க முடியும். அடுத்த வார ஷிப்ட் என்ன என்பதை முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் தெரிந்துகொள்ளும் நிலை மாறினாலே அவர்கள் குடும்பங்களுக்குப் பெரும் நிம்மதி.

கோரிக்கைகள்

மேற்கண்ட காரணங்களால் பின்வரும் கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்.

1. ஒவ்வொரு ஊழியருக்கும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டிலிருந்து பணி, மாற்றுப் பணிநேரம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் உரிமை வேண்டும். நிர்வாகம் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால், வேலையின் தன்மையோடு தொடர்புடைய காரணத்தைக் குறிப்பிட வேண்டும். அந்த முடிவின் மேல் குறைதீர்க் குழுவிடம் முறையிட வழி வேண்டும்.

2. எந்தெந்தப் பணிகளை அலுவலகத்துக்கு வெளியிலிருந்து செய்யலாம் என்ற பட்டியலை நிர்வாகமும் சங்கமும் சேர்ந்து தயாரித்து, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

3. நடைமுறையில் உள்ள ஏற்பாட்டை மாற்றவோ ரத்து செய்யவோ 21 நாள் முன்னறிவிப்பும் சங்கத்துடன் பேச்சுவார்த்தையும் கட்டாயம் என்று தங்கள் துறை சுற்றறிக்கை வெளியிட வேண்டும்.

4. மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பும் தாய்மார்கள், சிறு குழந்தை உள்ள தந்தையர், மாற்றுத்திறனாளிகள், நெடுநாள் சிகிச்சையில் இருப்பவர்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரின் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்களை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே அங்கீகரித்திருக்கிறது.

5. வீட்டிலிருந்து வேலை செய்தாலும் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின் வரம்பு பொருந்தும் என்று தெளிவுபடுத்த வேண்டும். பணிநேரம் முடிந்த பின் போனையும் மின்னஞ்சலையும் கவனிக்காததற்காக யாரையும் தண்டிக்கக்கூடாது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும்.

6. மடிக்கணினி, நாற்காலி, இணையம், மின்சாரம் ஆகியவற்றின் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். வீட்டில் பணியின்போது ஏற்படும் விபத்துக்கும் காப்பீடு வேண்டும். ஒற்றை அறை வீட்டில் நாள் முழுவதும் கேமராவைத் திறந்து வைக்கச் சொல்லும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டும்.

7. துப்புரவு, காவல், கேன்டீன், போக்குவரத்துப் பணியாளர்களுக்கு ஷிப்ட் பட்டியலை 14 நாள் முன்பே தர வேண்டும். தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் அனுமதிக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டிலிருந்து பணிபுரிவதைக் காரணம் காட்டி இவர்களின் வேலையையோ ஊதியத்தையோ குறைக்கக்கூடாது.

8. விண்ணப்பித்ததற்காகவோ சங்கத்தில் இருப்பதற்காகவோ அப்ரைசலில் மதிப்பெண்ணைக் குறைப்பது, பதவி உயர்வைத் தடுப்பது, இடமாற்றம் செய்வது ஆகியவற்றைப் பழிவாங்கலாகக் கருதி நடவடிக்கை எடுக்க வேண்டும்.

9. வீட்டில் இடமில்லாத ஊழியர்கள் உட்கார்ந்து வேலை செய்ய, ஆஸ்டின் டவுன் வட்டாரத்தில் உள்ள பொதுக் கட்டடம் ஒன்றில் இணைய வசதியுள்ள பணிக்கூடம் அமைக்குமாறு கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்குத் தங்கள் துறை பரிந்துரைக்க வேண்டும்.

10. நிலையாணை விலக்கின் நிபந்தனைகளை நிறுவனங்கள் நிறைவேற்றுகின்றனவா என்று ஆய்வு செய்து அறிக்கை வெளியிட வேண்டும். புதிய சட்டத் தொகுப்புக்கு ஏற்ப மாநில விதிகளை அமைக்கும்போது மேற்கண்டவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஐயா, எல்லோரும் எல்லா நாளும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் வேலை கற்றுக்கொள்ளவும், குழுவாகக் கூடிப் பேசவும் அலுவலகம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். எத்தனை நாள், எந்த நேரம், எந்தக் காரணத்துக்காக என்பதைச் சங்கத்தோடு பேசி எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். எழுதி வைத்தால் நிர்வாகத்துக்கும் குழப்பம் இல்லை, ஊழியரும் மேனேஜரின் முகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஆகவே, இம்மனு கிடைத்த 30 நாட்களுக்குள் தங்கள் தலைமையில் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கலந்துகொள்ளும் முத்தரப்புக் கூட்டத்துக்கு நாள் குறித்து, எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: ஆஸ்டின் டவுன், பெங்களூரு.

இணைப்பு: இம்மனுவின் கன்னட வடிவம், உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.

நகல்:
1. மாண்புமிகு தொழிலாளர் துறை அமைச்சர், கர்நாடக அரசு.
2. தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், கர்நாடக அரசு.
3. சாந்திநகர் தொகுதி சட்டமன்ற உறுப்பினர்.