பண்டசாலையில் உறங்கிய சாசனம்

டோக்கியோ மாநகருக்கு மேற்கே மலையை ஒட்டியிருக்கும் இட்சுகாய்ச்சி என்னும் ஊரில், பழங்குடும்பம் ஒன்றின் பாழடைந்த பண்டசாலையை 1968-ஆம் ஆண்டில் சரித்திராசிரியர் இரோகாவா தைகிச்சியும் அவருடைய மாணவர்களும் திறந்து ஆராய்ந்தபோது, பழைய காகிதக் கட்டுகளுக்கிடையே 204 ஷரத்துகள் கொண்ட அரசியல் சாசன நகல் ஒன்று அகப்பட்டது. அதை 1881-இல் எழுதியவர் மந்திரியுமல்லர், மேனாடு சென்று சட்டம் பயின்ற பண்டிதருமல்லர். சிபா தகுசபுரோ என்னும் கிராமப் பள்ளி ஆசிரியர். ஊராரோடு கூடி விவாதித்து, பிரஜைகளின் உரிமைகளை ஒவ்வொன்றாக வகுத்து வைத்த அம்மனிதர், 1883-இல், முப்பத்தொரு வயதிலேயே க்ஷயரோகத்துக்கு இரையானார்.

இன்று ஜப்பானில் அமலிலிருக்கும் சாசனம் அந்நியர் திணித்தது, ஆகையால் அதை மாற்றியே தீரவேண்டும் என்று வாதிப்போரின் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியரின் நினைவே வருகிறது. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1946 பிப்ரவரியில் அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் காரியாலயத்தில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தயாரான நகல், அம்மாதம் 13-ஆம் தேதி ஜப்பானிய மந்திரிகளின் கையில் கொடுக்கப்பட்டது. யுத்தத்தில் தோற்ற தேசம் அதை மறுத்துரைக்கும் நிலையில் இல்லை.

ஆனால் ஜனங்களைக் கேளாமல் வந்தது குற்றமென்றால், அதற்கு முந்தைய 1889-ஆம் வருஷத்துச் சாசனத்தை எவரைக் கேட்டு இயற்றினார்கள்? இட்டோ ஹிரோபுமி என்னும் ராஜதந்திரியும் அவருடைய சகாக்களும் பிரஷ்ய ராஜ்யத்தின் முறையைப் பின்பற்றி இரகசியமாக எழுதி முடித்த அது, சக்கரவர்த்தி தம் பிரஜைகளுக்கு அளித்த கொடையாகவே பிரகடனமாயிற்று. உரிமைகள் யாவும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான். சேனையோ மந்திரிசபைக்குக் கட்டுப்படாமல் நேரே சிம்மாசனத்துக்கு உட்பட்டது. சக்கரவர்த்தியும் ராஜ்யத்தின் ஓர் அங்கமே என்று நெடுங்காலமாகப் போதித்து வந்த மினோபே தத்சுகிச்சியின் நூல்களை 1935-இல் தடை செய்து, அவர் பிரபுக்கள் சபையைவிட்டு விலகும்படி செய்தபோது, அச்சாசனத்தில் அறிஞர் ஒருவருக்குக்கூடப் புகலிடமில்லை என்பது வெளிப்பட்டது.

1946-ஆம் வருஷத்து நகலும் முழுவதும் அந்நியச் சரக்கன்று. 1880-களில் உயேகி எமோரி முதலியோர் எழுதிய சாசன நகல்களை ஆராய்ந்த சுசுகி யசுசோ, தம் நண்பர்களோடு சேர்ந்து 1945 டிசம்பரில் வெளியிட்ட திட்டத்தை, மக்கார்தரின் காரியாலயத்தார் ஊன்றிப் படித்திருந்தார்கள். அந்நண்பர்களில் ஒருவரான மொரிட்டோ தத்சுவோ, ஸ்திரீகளும் முதன்முறையாக வாக்களித்து 39 ஸ்திரீகளை அங்கத்தினராக்கிய 1946 ஏப்ரல் தேர்தலில் தாமும் வென்று சபையில் அமர்ந்தார். ஆரோக்கியமும் பண்பாடும் கூடிய வாழ்க்கைக்குக் குறைந்தபட்ச உரிமை யாவருக்கும் உண்டு என்று கூறும் 25-ஆம் ஷரத்து, அமெரிக்க நகலில் இல்லாமலிருந்து, அவரும் அவருடைய சோஷலிஸ்ட் சகாக்களும் வற்புறுத்தியதனால் சேர்ந்ததேயாகும்.

அந்த ஷரத்தைக் கையிலேந்தித்தான் ஒக்காயாமா ஆரோக்கிய நிலையத்தில் க்ஷயரோகியாய்ப் படுத்திருந்த அசாஹி ஷிகெரு, உதவித்தொகையாகக் கிடைத்த மாதம் 600 யென்னில் மனிதன் மனிதனாக வாழ முடியுமா என்று 1957-இல் சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தார். 1960-இல் டோக்கியோ ஜில்லா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. அவர் 1964-இல் காலமானதோடு வழக்கும் முடிந்தது என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயினும் வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே ஏழைகளுக்கான உதவித்தொகை உயர்ந்தது. நோயாளி ஒருவர் படுக்கையிலிருந்தபடியே எடுத்தாண்ட பிறகு, அச்சாசனத்தை அந்நியருடையது என்று எப்படிச் சொல்வது?

யுத்தத்தைத் துறக்கும் 9-ஆம் ஷரத்தைப் பற்றியும் என் கவலை, ஜனங்களைக் கேட்டார்களா என்பதே. அதை மாற்ற விரும்புவது பாபமன்று. ஆனால் 1954-இல் தற்காப்புப் படை அமைந்த பின்பும் தன் தேசத்தைக் காக்கமட்டுமே ஆயுதமெடுக்கலாம் என்று பல மந்திரிசபைகள் ஒப்புக்கொண்டிருந்த வரம்பை, 2014-இல் ஒரு மந்திரிசபை தன் தீர்மானத்தாலேயே புதுப்பொருள் கூறித் தளர்த்தியதையும், மறுவருஷமே அதற்கிசையச் சட்டங்கள் நிறைவேறியதையும் என்னால் ஒப்ப முடியவில்லை. மாற்றுவதற்கு 96-ஆம் ஷரத்து வழி வகுத்திருக்கிறது: இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இணங்கவேண்டும், பின்பு ஜனங்களிடமே வாக்குக் கேட்கவேண்டும். சாசனம் அமலுக்கு வந்த 1947 மே 3-ஆம் தேதி முதல், ஒரு தடவையேனும் அந்தக் கேள்வி ஜனங்கள் முன் வைக்கப்பட்டதில்லை.