ஆங்கிலம் அறிந்த அயலவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

ஸ்காபரோவிலும் அதற்கு அண்மையிலுள்ள மார்க்கம், ஏஜாக்ஸ் முதலிய நகரங்களிலும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு,

வந்து சேர்ந்த நாட்டில் வேரூன்றி, அதன் குடிகளாகவும் ஆகி, ஆங்கிலத்திற் கடிதம் வரையவும் தொலைபேசியில் நியாயம் கேட்கவும் பழகி, பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை அனுப்பிவிட்டு, மாலைவேளைகளிற் சிறிது அவகாசமும் வாய்க்கப்பெற்றிருக்கும் உங்களிடம், கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்தை யாசிப்பதற்காகவே இதனை எழுதுகின்றோம். பணம் கேட்கவில்லை, அதைக் கேட்பதற்கு நம் சமூகத்தில் வேறு ஸ்தாபனங்கள் தாராளமாக உள்ளன. ஆங்கிலம் பேச இயலாமல் இந்நகரத்தில் வாழும் வயதுவந்த ஒருவருக்கு, ஒரேயொருவருக்கு, எதிரே அமர்ந்து, அவர் அம்மொழியைப் பேசிப் பழகுமளவும் துணையிருக்கும் உபகாரத்தையே கேட்கின்றோம்.

அரசாங்கம் இலவச வகுப்புகளை நடத்துகின்றதே, அதற்குமேல் நாம் எதற்கு என்று நீங்கள் வினவுவது நியாயமே. 1992இல் ஆரம்பிக்கப்பட்டு, புதிதாக வந்தோருக்கு இன்றுவரை ஆங்கிலம் கற்பித்துவரும் மத்திய அரசின் 'லிங்க்' வகுப்புகளை நாங்கள் குறைகூறப் போவதில்லை. அவற்றாற் பயன்பெற்றோர் எங்கள் குழுவிலேயே இருக்கின்றனர். ஆனால், விமானத்திலிருந்து இறங்கிய மறுகிழமையே தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்து, பகலில் உறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, தம்பியையும் தங்கையையும் கரைசேர்த்து, ஒருவாறு மூச்சுவிட நேரங்கிடைத்தபோது தாம் கனடியக் குடியாகிவிட்ட காரணத்தினாலேயே அவ்வகுப்பின் கதவு சாத்தப்பட்டிருக்கக் கண்ட மனிதர்களை நீங்களும் அறிவீர்கள். நிரந்தர வதிவிட உரிமையுடையோருக்கும் பாதுகாப்புப் பெற்ற அகதிகளுக்கும் உரிய அவ்வகுப்பு, குடியுரிமை பெற்றோருக்கு உரியதன்று. மாகாண அரசின் உதவியுடன் பாடசாலைச் சபைகள் நடத்தும் வகுப்புகள் அவர்களையும் ஏற்கின்றன. எனினும், இருபது பேர் அமர்ந்திருக்கும் அறையில் இரண்டு மணித்தியாலத்தைச் சமமாகப் பங்கிட்டால், ஆசிரியர் வாய்திறவாதிருந்தாற்கூட, ஒருவர் பேசக் கிடைப்பது ஆறு நிமிடம். முதியோரையும் எண்ணிப் பாருங்கள்: குடியுரிமைக்கு விண்ணப்பிப்போரிற் பதினெட்டு முதல் ஐம்பத்து நான்கு வயது வரையுள்ளோரிடம் மட்டுமே அரசு மொழித்தேர்ச்சியைக் கேட்கின்றது. அதற்கு மேற்பட்டவர்களிடம் அரசு கேட்காததை வைத்தியரும், மருந்தகத்தாரும், வீட்டுச் சொந்தக்காரரும் நாள்தோறும் கேட்கின்றனர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். ஆங்கிலம் அறியாத தாய், வைத்தியரிடம் போகும்போது, பாடசாலைக்கு அன்று விடுப்பெடுத்த பன்னிரண்டு வயது மகளை உடன் அழைத்துச் செல்கிறாள். வைத்தியர் சொல்வது மார்பகப் பரிசோதனையைப் பற்றியதாக இருக்கலாம். கருப்பைக் கட்டியைப் பற்றியதாக இருக்கலாம். மனச்சோர்வுக்கு எழுதிக்கொடுக்கும் மருந்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். தாய் மகளிடம் சொல்லக் கூசுவதையும், மகள் தாயிடம் கேட்கக் கூசுவதையும், இருவருக்கும் அந்நியரான ஒருவர் முன்னிலையில் அச்சிறுமி மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. பாதி விழுங்கப்படுகிறது, மீதி பிழையாகப் போய்ச் சேர்கிறது. வாடகைக் கடிதத்தையும் வங்கிக் கடிதத்தையும் அதே பிள்ளை வாசித்துச் சொல்ல, வீட்டிலுள்ள கடன்களும் கவலைகளும் யாவும் அதன் வயதுக்கு முந்தி அதன் தலையில் ஏறுவதோடு, பெற்றோர் என்ற ஸ்தானமும் சிறிது சிறிதாக இடம்மாறிவிடுகின்றது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப்பெறும் வழி பல வைத்தியசாலைகளில் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அதைக் கேட்பதற்கே ஒரு வாக்கிய ஆங்கிலம் வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைப் பயமின்றிச் சொல்லக் கற்பிப்பதுங்கூட உங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குத் தக்க வேலையென்பது எங்கள் அபிப்பிராயம்.

இவ்வேலை இந்நாட்டுக்குப் புதிதன்று. காடுகளில் மரம் தறித்தும், தண்டவாளம் பதித்தும், சுரங்கத்தில் இறங்கியும் உழைத்த கூலியாட்களுக்கு (அவர்களிற் பலர் ஐரோப்பாவின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்து ஆங்கிலம் அறியாதிருந்தோர்) எழுத்தறிவு ஊட்டவேண்டுமென்று அல்பிரட் ஃபிற்ஸ்பற்றிக் என்னும் பாதிரியார் 1899இல் இந்த ஒன்ராறியோ மாகாணத்திலேயே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஃபிரொன்ரியர் கொலிஜ் என்று பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் விசேஷம், ஆசிரியராகச் சென்ற இளைஞர் பகலெல்லாம் அந்தக் கூலிகளோடு கோடரி பிடித்தும் மண்வெட்டி பிடித்தும் உழைத்துவிட்டு, இரவில் அதே முகாமில் விளக்கேற்றி வைத்துப் பாடம் சொன்னதாகும். பிற்காலத்திற் சீன மண்ணில் உயிர்நீத்த வைத்தியர் நோர்மன் பெத்யூனும் மாணவப் பருவத்தில் அவ்விதம் சென்ற ஒருவரே. 2022இற் பெயர்மாற்றம் பெற்ற அந்த ஸ்தாபனம் இன்றும் தொண்டர்களைக் கொண்டே இயங்குகின்றது. ஏரிக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்துச் சிரகியூஸ் நகரத்தில், ரூத் கொல்வின் என்னும் இல்லத்தரசி, தம் ஊரில் எழுத்தறியாத வயதுவந்தோர் ஆயிரக்கணக்கில் இருப்பதை அறிந்து, 1962இல் தம் வீட்டு நிலவறையிலேயே தொண்டாசிரியர்களைத் திரட்டினார். நூற்றேழு வயது வாழ்ந்து 2024இல் மறைந்த அவர் தொடங்கியதும் ஒருவருக்கு ஒருவர் கற்பிக்கும் இம்முறைதான்.

நீங்கள் சொல்லக்கூடிய முதற் சமாதானம், எங்கள் உச்சரிப்பு வெள்ளையருடையதுபோல் இல்லையே என்பதாக இருக்கும். ரொறன்ரோ நகரத்துப் பேருந்தில் ஏறி அரைமணி நேரம் செவிகொடுத்திருந்தால் இந்தச் சங்கோசம் தானே தீரும். இந்நகரத்தின் ஆங்கிலம் உலகின் எல்லாத் திசைகளின் சாயலையும் தாங்கிய ஆங்கிலம். உண்மையில், 'ப' என்ற ஒரே எழுத்தால் இருவேறு ஒலிகளையும் எழுதிப் பழகிய ஒருவருக்கு எங்கே தடுக்கும் என்பதும், பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் ஏன் காதில் ஒன்றாய் விழுந்து வாடகையையும் வைத்தியர் கொடுத்த நேரத்தையும் குழப்புகின்றன என்பதும், அந்த வழியாகவே நடந்துவந்த உங்களுக்குத் தெரிவதுபோல் இங்கே பிறந்தவருக்குத் தெரியாது.

ஆயினும், தமிழருக்குத் தமிழர் கற்பிப்பதில் ஓர் அபாயமும் உண்டு: மூன்றாம் வாக்கியத்திலேயே சம்பாஷணை தமிழுக்குத் திரும்பி, ஊர்ப்புதினத்தில் முடிந்துவிடும். ஆதலால், ஆப்கானிஸ்தானிலிருந்தோ சிரியாவிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ வந்த ஒருவரை ஏற்றுக்கொள்ளவும் நீங்கள் மனமுவக்க வேண்டும். 1986 ஆகஸ்ற் மாதத்தில், உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்துகொண்டிருந்த நம்மவர் 155 பேரைக் கரைசேர்த்த மீனவர்கள் அவர்கள் எந்த ஊரார் என்று விசாரித்துவிட்டுக் கைகொடுக்கவில்லை.

கற்பிக்கும் விதத்தைப் பற்றிச் சில வார்த்தை. உங்கள் எதிரே அமர்பவர் ஒரு வீட்டை ஆண்டவர், தோட்டம் செய்தவர், கடை நடத்தியவர், சிலவேளை உங்களைவிட அதிகம் படித்தவர். படம் போட்ட குழந்தைப் புத்தகத்தை அவர் முன் விரிப்பது அவமதிப்பாகும். அவருக்கு வந்த மின்கட்டணக் கடிதம், பிள்ளையின் பாடசாலை அறிவித்தல், மருந்துப் போத்தலின் மேல் ஒட்டிய தாள் ஆகியவையே பாடநூல். முகத்தைக் காணாது தொலைபேசியிற் பேசுவதே எல்லோருக்கும் பெரும் பயமாதலின், ஒருவர் அடுத்த அறைக்குச் சென்று மற்றவரை அழைத்துப் பேசிப் பழகுவது நல்ல பயிற்சி. நமது நீண்ட பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதற்கே ஒரு மாலை செலவாகும், அது வீண்செலவன்று. கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். பொருள் விளங்கினாற் போதும், பிழைகளைத் திருத்தாதிருங்கள். முன்னாள் ஆசிரியர்களாகிய எங்களிற் பலருக்கு இதைவிடக் கடினமான விரதம் வேறில்லை.

குடிவரவு விண்ணப்பங்களையும் வழக்கு விவகாரங்களையும் அவர்களுக்காக நிரப்பிக்கொடுக்க முற்படவேண்டாம். அதற்கு உரியோர் வேறு. கற்பவர் வீட்டு விஷயங்கள் உங்கள் வாயிலிருந்து கோயில் வீதிக்கும் கலியாண மண்டபத்துக்கும் போய்விடலாகாது; சிறிய சமூகமாகிய நம்மிடையே இந்த ஒரு பயத்தினாலேயே பலர் உதவி நாடாதிருக்கின்றனர். ஏற்கும் ஸ்தாபனம் காவற்றுறையின் நன்னடத்தைச் சான்றைக் கேட்டால் அதற்கு மனம் நோகவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதம் வந்துவிட்டு மறைந்துபோகும் உற்சாகம் எங்களுக்கு வேண்டாம். வாய்திறக்கத் துணிந்த ஒருவரை நடுவழியில் விடுவதிலும் தொடங்காதிருத்தல் மேல். குறைந்தது ஆறு மாதமாவது தவறாது வர இயலுமா என்று வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

ஸ்காபரோவில் வாழ்வோருக்கு, நூறு கிளைகளையுடைய ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளையொன்று வீட்டுக்கு அண்மையில் நிச்சயமாக இருக்கும். அங்கேயோ, உங்கள் பகுதியிலுள்ள குடிவரவாளர் சேவை நிலையத்திலோ விசாரித்து, தொண்டராகப் பயிற்ற விரும்புவதைத் தெரிவியுங்கள். போகும்போது இலக்கண நூல் எதையும் தேடி எடுத்துச்செல்லவேண்டாம். எந்த நாளில், எந்த மணிக்கு உங்களுக்கு ஓய்வு என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டு, இந்த மாதம் முடியுமுன் அங்கே சென்று பெயரைப் பதிந்துகொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

இங்ஙனம்,
ஸ்காபரோவில் ஆங்கிலம் பயிற்றும் தொண்டர் குழுவினர்