எட்டுப் போடும் கையும் பாராத கண்ணும்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில், ஓட்டுநர் உரிமப் பரீட்சைக்காகத் தரையில் வரைந்த எட்டின்மேல் இருசக்கர வாகனத்தைப் பாதி தூரம் ஓட்டி, வளைவிலே காலை ஊன்றிவிட்டுத் தோற்றுத் திரும்புகிறவர்களைக் கேட்டால், பதற்றத்தினால் போய்விட்டது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பதற்றமில்லாத பரீட்சை உலகத்தில் ஏது? அவர்களில் பலருடைய தோல்வி கண்ணிலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

மெதுவாகச் செல்லும் இருசக்கர வாகனம், ஓட்டுகிறவரின் பார்வை எங்கே போகிறதோ அங்கேயே பெரும்பாலும் போகும். வளைவின் நடுவே குனிந்து முன்சக்கரத்தையும் தரையிலுள்ள கோட்டையும் பார்க்கிறவர், சமநிலை குலைவதை உணர்ந்த கணத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டு, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும் அந்த நிலையிலேயே முன் பிரேக்கையும் அழுத்திவிடுகிறார். அதற்குப் பிறகு கால் தானாகவே தரையைத் தேடிக்கொள்கிறது. தலையை நிமிர்த்தி, அடுத்த வளைவு முடியும் இடத்தில் பார்வையை வைத்து, ஆக்சிலேட்டரைச் சிறிதளவே திறந்து, வேகம் மிஞ்சினால் பின் பிரேக்கை மட்டும் இலேசாகத் தொட்டுக்கொண்டு செல்கிறவருக்கு எட்டு ஒரு பொருட்டே அல்ல.

கார் ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் விஷயம் இதைவிடப் பரிதாபகரமானது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, பரீட்சிக்க வேண்டிய திறமைகளை வரிசையாகச் சொல்லுமிடத்தில், இன்ஜினைக் கிளப்புவதற்கும் முன்பாக, பின்புறம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதையே முதலாவதாக வைத்திருக்கிறது. ஆனால் பயிற்சிப் பள்ளிக் காரிலோ, அந்தக் கண்ணாடி பல சமயங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு வசதியாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். மாணவரும் அதைத் தொடுவது மரியாதையில்லை என்பதுபோல் விட்டுவிடுகிறார். பின்னால் வருவதை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஆபத்து நேரும்போலிருந்தால், அவருடைய காலடியிலும் இருக்கிற பிரேக்கும் கிளட்சும் வேலை செய்துவிடுகின்றன. இவ்வாறு பிறர் கண்ணையும் பிறர் காலையும் நம்பி ஸ்டீயரிங்கை மட்டுமே பிடித்துப் பழகியவர், பரீட்சை நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளரின் முன்னிலையில் தனியாக ஓட்ட நேரும்போது, கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை நிறுத்திவிடுவதிலும், கண்ணாடியைப் பாராமல் இண்டிகேட்டரைப் போடுவதிலும், சில வேளை திரும்பிய பிறகே போடுவதிலும் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி உருளவிடாமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்றும் அதே விதி கேட்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே கிளட்சைப் பாதியளவு விட்டு, இன்ஜினின் ஓசை கனத்து, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுவிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையல்ல. என்றாலும் சமதளமான மைதானத்தையே சுற்றி வந்தவருக்கு அந்த அப்பியாசம் எங்கே கிடைக்கும்? பின்னோக்கி ஓட்டும்போது கழுத்தைத் திருப்பாதவர்கள், சீட் பெல்ட்டை மறப்பவர்கள் ஆகியோரைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை.

அவசரத்தையும் ஒரு காரணமாகச் சொல்லத்தான் வேண்டும். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் ஆறு மாத காலம் செல்லுபடியாகும்; முப்பது நாள் கழிந்தால் பரீட்சைக்கு வரலாம் என்பது சட்டம். வரலாம் என்று இருப்பதை வந்தே தீரவேண்டும் என்று எடுத்துக்கொண்டு, முப்பத்தோராம் நாளையே முகூர்த்த நாளாக நினைத்து ஓடிவருகிறவர்கள் அநேகர். தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறையும் தோற்றவர் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு தண்டனையாகத் தோன்றினாலும், எதிலே பிழை நேர்ந்தது என்று தெரிந்தவருக்கு அது பிரயோஜனமான அவகாசமே.

ஆகையால், தோற்ற ஒவ்வொருவருக்கும் அவர் எந்தப் பிழையினால் தோற்றார் என்பதை இரண்டு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதும், பரீட்சையின் ஒரு பகுதியையாவது மைதானத்தை விட்டு, ஆட்டோவும் மாடும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கிடும் சாதாரணத் தெருவிலே நடத்த வேண்டும் என்பதும் என் கோரிக்கை. அந்த இரண்டு வரியைப் படித்த பிறகும் மாணவரை அதே எட்டின்மேல் மட்டுமே சுற்றவிடும் பள்ளிக்கு, அடுத்த மாதக் கட்டணத்தைக் கொடுக்கலாமா என்பதைப் பெற்றோர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.