பெயருக்கு ஒரு விலை

கிராபிக்ஸ் காட் வாங்குவோர் பெட்டியில் அச்சிட்டுள்ள நினைவக அளவைப் பார்த்தே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கின்றனர். இந்தப் பழக்கமே விற்பவனுக்கு மூலதனம்.

2022 செப்டெம்பரில் என்விடியா நிறுவனம் 'ஆர்ரிஎக்ஸ் 4080' என்ற ஒரே பெயரில் இரண்டு காட்களை அறிவித்தது. 16 கிகாபைட் நினைவகம் கொண்டதற்கு 1,199 டொலர். 12 கிகாபைட் கொண்டதற்கு 899 டொலர். வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமே என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மையில் சிப்பே வேறு. முன்னதில் 9,728 கோர்கள், பின்னதில் 7,680. கண்டனம் வலுத்ததும் ஒக்டோபரில் சிறியதை மீளப்பெற்றனர். 2023 ஜனவரியில் அதே சிப், அதே 12 கிகாபைட்டுடன் '4070 ரிஐ' என்ற பெயரில் வந்தது. விலை 799 டொலர்.

என் தொழிலில், தலைப்பு ஒன்றும் செய்தி வேறொன்றுமாக அச்சேறினால் மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். இங்கே திருத்தப்பட்டது பெயர். கூடவே 100 டொலரும் குறைந்தது. அப்படியாயின் அந்த 100 டொலர் எதற்கான விலை? நினைவகத்துக்கு அல்ல, வேகத்துக்கும் அல்ல. வெறும் பெயருக்கு என்பேன் நான். வாங்குவோர் வாய் திறந்திராவிட்டால் அதையும் கொடுத்தே இருப்பர்.

கிகாபைட்டை எண்ணுமுன் சிப் எதுவென்று கேளுங்கள்.