கைக்கேற்ற கருவி

சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரை நோக்கி வரும் வீதியில், உப்புவெளியிலே, இரண்டாம் உலகப்போரில் மாண்டோரின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. சென்ற கிழமை அவ்வழியே நம்முடன் நடந்து வந்த மாணவர் ஒருவர், "ஐயா, இந்தப் படைவீரர் காலத்துக் கைத்துப்பாக்கிகளுள் எது சிறந்தது? பெரிய குண்டைச் சுடுவதுதானே?" என்று வினவினார். கேட்பதற்கு எளிய வினாத்தான். ஆயினும் வல்லரசுகள் நூறாண்டுக்கு மேலாக இதனோடு மல்லாடியிருக்கின்றன. ஆதலின் விடையை வாசகர் அனைவருக்குமாக இங்கே எழுதுகின்றோம்.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் கலிபர் என்பர். அங்குலத்திலோ மில்லிமீற்றரிலோ அதனைக் குறிப்பர். விட்டம் பெருகினால் குண்டின் கனம் பெருகும். கனம் பெருகினால் சுடுபவன் கையைத் தாக்கும் பின்னுதைப்பும் பெருகும். ஒன்றை வேண்டுபவர் மற்றதையும் சுமந்தே ஆகவேண்டும்.

பிரித்தானியர் 1887இல் வெப்ளி என்னும் சுழல் துப்பாக்கியை ஏற்றனர். அதன் கலிபர் .455 அங்குலம். முதல் உலகப்போரில் வழங்கிய அதன் ஆறாம் வகை ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையது. குண்டு ஏறத்தாழ 17 கிராம். வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் அதனைப் பழகிக் குறிதவறாது சுட நெடுங்காலப் பயிற்சி தேவைப்பட்டது. போர்க்காலத்தில் அவசரமாகத் திரட்டப்படும் இளைஞனுக்கு அத்துணைக் காலம் ஏது? எனவே 1932இல் .38 கலிபர் உடைய என்பீல்ட் துப்பாக்கிக்கு மாறினர். அதன் எடை முக்கால் கிலோகிராம் அளவே. குண்டு 13 கிராம். வலிமையில் சற்று விட்டுக்கொடுத்துக் குறியில் ஈட்டிக்கொண்டனர் எனலாம்.

அமெரிக்கரோ எதிர்த்திசையில் நடந்தனர். பிலிப்பைன் தீவுகளில் மோரோ வீரர்கள் .38 குண்டு பட்ட பின்பும் பாய்ந்து வந்தனர் என்ற முறைப்பாடு எழுந்தது. அதனால் 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரு படையதிகாரிகள் சிக்காகோவில் உயிருள்ள மாடுகள் மீதும், மனிதப் பிணங்கள் மீதும் பல்வகைக் குண்டுகளைச் சுட்டுச் சோதித்தனர். படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது. .45க்குக் குறைதல் ஆகாது என்பது அவர்கள் முடிவு. 1911இல் அந்நாட்டுப் படை ஏற்ற கோல்ட் துப்பாக்கி அவ்வழி வந்ததே.

ஆயினும் 1985இல் அதே அமெரிக்கா 9 மில்லிமீற்றர் பெரெட்டாவைத் தெரிந்தது. நேச நாடுகள் பலவும் அத்தோட்டாவையே வழங்கின. போர்க்களத்தில் ஒருவர் தோட்டா மற்றவர்க்கு உதவும். பழைய துப்பாக்கியின் தோட்டாக்கூட்டில் 7 தோட்டாக்கள், புதியதில் 15. பின்னுதைப்பும் குறைவு. பிரித்தானியா 1954இலேயே 9 மில்லிமீற்றர் பிரௌனிங்கை ஏற்றிருந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர்த் தொழிற்சாலையும் அவ்வமைப்பிலேயே இந்தியப் படைக்குத் துப்பாக்கி செய்தது.

கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் என்றோர் ஊரும் உண்டு. 1890களில் அங்குள்ள படைக்கலச் சாலையில், உடலுட் புகுந்ததும் விரிந்து பெரும்புண் ஆக்கும் குண்டு செய்யப்பட்டது. ஊரின் பெயரே அக்குண்டின் பெயராயிற்று. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, அத்தகைய குண்டுகளைப் போரில் விலக்கும் பிரகடனத்தைச் செய்தது. பிற்காலத்தில் பிரித்தானியர் தம் .38 துப்பாக்கியின் வெற்று ஈயக்குண்டை விட்டு, உலோக உறையிட்ட குண்டுக்கு மாறியதற்கும் இப்பிரகடனம் பற்றிய அச்சமே காரணம். ஆகவே கருவியைத் தெரியும்போது கையையும் களத்தையும் மட்டுமன்றி, அறத்தையும் கணக்கிற் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மாணவருக்கு நாம் கூறிய விடை இதுவே: கடலோடி ஒருவர் துடுப்பைத் தெரிவது அதன் பருமனைக் கண்டன்று; தன் தோள் நாள் முழுதும் தாங்குமா என்று பார்த்தே தெரிவார். படைத்துப்பாக்கியும் அவ்வாறே. தேர்ந்த வீரன் ஒருவன் கைக்கு அன்றி, அஞ்சிய, களைத்த, புதிய ஒருவன் கைக்கும் அடங்குவதே நல்ல தெரிவு. குறிதவறிய பெருங்குண்டால் பயன் யாது?

இன்னொன்றும் சொன்னோம். கைத்துப்பாக்கி, பிற ஆயுதம் யாவும் கைவிட்ட வேளையில் எடுக்கும் கடைசித் துணை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தபோது, அதிகாரிகளின் இடுப்பிலிருந்த துப்பாக்கி .455 ஆயினும் .38 ஆயினும் ஒன்றே, இரண்டாலும் பயனில்லை.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்க் கல்லறைக் கற்களில் பொறித்திருந்த வயதுகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். அவற்றுட் பல, அவர் வயதுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே கூடியவை.