வெற்றிச் சான்றும் நினைவகக் கசிவும் - ஒரு மறுப்புரை

1992ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில், இலண்டன் மாநகர அம்புலன்ஸ் சேவையின் கணனி முறைமை செயலிழந்தது. முந்திய மாதம் 26ஆம், 27ஆம் திகதிகளில் அதே முறைமையில் நேர்ந்த பெருங்குழப்பம் உலகறிந்தது. நவம்பர்ச் சம்பவத்தின் காரணமோ மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர் செய்நிரலாளர் ஒருவர் தவறுதலாக விட்டுவைத்த செய்நிரற் பகுதியொன்று, வாகனமொன்று அனுப்பப்பட்ட ஒவ்வொரு தடவையும் கோப்புச் சேவையகத்தின் நினைவகத்திற் சிறு பங்கைப் பெற்றுத் திருப்பிக் கொடாதுவிட்டது. மூன்று வாரத்தில் நினைவகம் முற்றாகத் தீர்ந்தது. 1993இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இதனைப் பதிவுசெய்துள்ளது.

ஈண்டு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ‘வாகனம் அனுப்பப்பட்டதா?’ என்று மட்டும் வினவும் சோதனைக்கு இக்குறை ஒருபோதும் தென்படாது. மென்பொருளின் சிறு கூறுகளைத் தனித்தனியே இயக்கி, எதிர்பார்த்த விடை கிடைக்கின்றதா என நோக்கும் அலகுச் சோதனை, இயல்பில் இத்தகைய வினாவையே எழுப்புகின்றது. விடையை அது பார்க்கின்றது; விடைக்குப் பின் எஞ்சிக் கிடப்பதைப் பார்ப்பதில்லை. ‘எல்லாச் சோதனைகளும் வெற்றி’ என்று திரையில் தோன்றும் வரியை முழுமையான நற்சான்றிதழாகக் கொள்வோர் இவ்வரையறையை மறந்தவராவர்.

சீ மொழியில் எழுதப்பட்ட ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பமொன்றை வாசிப்பதற்காக அது நினைவகத்தைக் கேட்டுப் பெறுகின்றது. பணி முடிந்ததும் விடுவிக்கின்றது. விண்ணப்பத்திலுள்ள திகதி பிழையாயின், இடைநடுவே ‘பிழை’ என அறிவித்து வெளியேறுகின்றது. விடுவிக்கும் கட்டளையோ அதற்குக் கீழேயுள்ளது. பிழையான திகதி நிராகரிக்கப்பட்டமையால் சோதனை வெற்றி! நினைவகம் போனது போனதுதான். பெரும்பாலான கசிவுகள் இத்தகைய தோல்விப் பாதைகளிலேயே ஒளிந்திருக்கின்றன. 2002இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட வல்கிறைன்ட் போன்ற கருவியின் கீழ் அதே சோதனையை இயக்கினால், இழக்கப்பட்ட துண்டு எவ்வளவு, எந்த வரியிற் பெறப்பட்டது என்பன வெளிப்படும். எங்கே விடுவித்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. அது மனிதர் சிந்திக்க வேண்டிய விடயம். இயக்கப்படாத பாதையின் கசிவையும் அக்கருவி காணமாட்டாது. ஆகவே தோல்விப் பாதைகளை வேண்டுமென்றே நடந்துபார்க்கும் சோதனைகள் அதற்கு இன்றியமையாதன.

செய்நிரல் முடிந்ததும் பணிசெயல் முறைமை அனைத்து நினைவகத்தையும் மீளப் பெற்றுக்கொள்ளும், ஆதலின் இவ்வாராய்ச்சி வீண் என்பாருமுளர். இக்கூற்று சோதனைக்குப் பொருந்தும், சேவைக்குப் பொருந்தாது. சோதனை சில கணங்களில் முடிந்துவிடும். சேவையகமோ வாரக்கணக்காக ஓயாது இயங்குவது. குறுகிய ஆயுள் கசிவை மறைக்கின்றது என்பதனாலன்றோ கசிவைத் தனியே தேடவேண்டியுள்ளது!

காலதாமதம் என்பது அடுத்த வாதம். வல்கிறைன்டின் கீழ்ச் செய்நிரல் 10 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும் என அதன் கையேடே கூறுகின்றது. இது மெய்யே. ஆயின் அலகுச் சோதனைகள் சிறியவை. இரவிலேனும் அவற்றை இயக்கலாம். மேலும், செய்நிரலுடன் சேர்த்தே தொகுக்கப்படும் லீக்சானிற்றைசர், இயக்கம் முடியும் வேளையிலேயே கசிவைத் தேடுவதால் வேகத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. எஞ்சுவது சோம்பல் ஒன்றே.

எதிர்ப்போரைவிடக் கண்டனத்துக்குரியோர், கருவியைச் சடங்காகப் பூண்டோர். வல்கிறைன்ட் தானாகவே சோதனையைத் தோற்கச் செய்வதில்லை. பரிசோதிக்கப்பட்ட செய்நிரலின் முடிவுக் குறியையே திருப்பித் தருகின்றது. கசிவுகளை விரிவாக ஆராயுமாறும், வழு காணப்படின் வேறு குறியுடன் முடிக்குமாறும் வெளிப்படையாகக் கட்டளையிட வேண்டும். இடாவிடின், கசிவு பற்றிய அறிக்கை யாரும் படிக்காத பதிவேட்டில் உறங்கும். வெற்றி வரியோ மின்னும். சோதனைகளை வேறொரு செய்நிரல் தொடக்கிவைப்பதாயின் இன்னொரு வேடிக்கையும் நிகழும்: கிளைச்செயல்களைத் தொடருமாறு பணிக்காதவிடத்து, கருவி தொடக்கியவனை மாத்திரம் ஆராய்ந்து, உள்ளே நடந்த சோதனைகளைக் கண்டுகொள்ளாது போய்விடும். போதாக்குறைக்கு விலக்குப் பட்டியல்கள் வேறு! பிறர் எழுதிய நூலகங்களின் எச்சரிக்கைகளை ஒதுக்கவென வந்த வசதி, தமது குறைகளைப் புதைக்கும் இடமாகிவிடுகின்றது.

கருவியின் சொல்லை நம்பியே டெபியன் முறைமை கெட்டதென்று சிலர் எடுத்துக்காட்டுவர். 2006இல், தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகம் பற்றிய வல்கிறைன்டின் எச்சரிக்கையை அடக்கும் பொருட்டு, டெபியனின் ஓப்பின்எஸ்எஸ்எல் பொதியிலிருந்து வரிகள் நீக்கப்பட்டன. எழுமாற்று எண்களின் ஊற்று வற்றி, மறைசாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கனவாயின. 2008 வரை அது வெளிப்படவில்லை. அங்கு நிகழ்ந்தது கசிவுமன்று, கருவியின் குற்றமுமன்று. எச்சரிக்கையின் பொருளை விளங்காது அதன் வாயை அடைத்தமையே குற்றம். கசிவு அறிக்கையை விலக்குப் பட்டியலில் இடுபவரும் இதனையே செய்கின்றனர்.

மாணவர் ஒப்படைகளுக்குப் புள்ளியிடும் விரிவுரையாளர்கள், வெளியீடு சரியா என்பதோடு நின்றுவிடலாகாது. சோதனைகளைக் கசிவாய்வுக் கருவியின் கீழ் இயக்கி, ஒரு பைற் இழக்கப்பட்டிருப்பினும் அதனைத் தோல்வியாகவே கணித்தல் வேண்டும். விலக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் மாணவரிடம் எழுத்தில் நியாயம் கேட்டல் வேண்டும்.