சேர்த்து வைப்பதும் தீர்த்து வைப்பதும்

மணமுறிவு வழக்குகளை மத்தியஸ்தத்தால் தீர்க்கலாம் என்று சொன்னால், நம்மவரிற் பலர் மகிழ்ந்து தலையசைக்கின்றனர். அவர்கள் மகிழும் காரணந்தான் நமக்கு அச்சந் தருகின்றது. மத்தியஸ்தம் என்றதும் அவர்கள் மனத்திலே தோன்றுவது, ஊர்ப் பெரியவர் நால்வர் திண்ணையிலமர்ந்து, அடிபட்டு வந்த பெண்ணைப் “பிள்ளைகளின் முகத்தைப் பார், அம்மா” என்று தேற்றி, அடித்தவன் வீட்டுக்கே திருப்பியனுப்பும் காட்சி. குடும்ப மானத்தின் பேரால் நடைபெறும் இக்கொடுமைக்கு மத்தியஸ்தம் என்ற பெயர் தகாது.

ஆயினும், “எல்லாம் நீதிமன்றத்திலேயே ஆகட்டும்” என்னும் சட்டத்தரணி நண்பர்களோடும் நாம் உடன்படுவதற்கில்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணமுறிவுக்கு வகுத்த காரணங்கள் மூன்று: மணத்தின் பின் பிறரோடு கூடாவொழுக்கம், தீயெண்ணத்தோடு கைவிடுதல், மணவேளையிலேயே இருந்த தீராத உடலுறவு இயலாமை. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்புதல் அம்மூன்றில் ஒன்றன்று. ஆகவே ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்க வேண்டும்; குற்றமில்லையேல் உண்டாக்க வேண்டும்! இதே தீவில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம் பரஸ்பர சம்மதத்தை ஒரு காரணமாக ஏற்றது. அதனால் கண்டியிலே வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏன் வீழ வேண்டும்?

குற்றஞ்சாட்டும் வழக்கின் நடுவே பிள்ளை வெறும் சாட்சிப் பொருளாகின்றது. உரோம ஒல்லாந்தச் சட்டமோ தந்தையையே இயற்கைக் காவலனாக மதித்து வந்தது. பிள்ளையின் நலமே தலையாயது என்னும் நோக்கு அதனோடு போராடியே இடம்பெற வேண்டியதாயிற்று. கட்டுக்காவல் இன்னாருக்கு என்று நீதிபதி எழுதிவிடலாம். ஆனால், பரீட்சைக் காலத்திற் பிள்ளை எவ்வீட்டிலிருந்து படிப்பது, நல்லூர்த் திருவிழாவுக்கு யாரோடு போவது, நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் மற்றவருக்கு எப்போது அறிவிப்பது? இவற்றைத் தாயுந் தந்தையும், பயிற்சி பெற்ற நடுநிலையாளர் முன்னிலையில், தாமே பேசி முடிவு செய்தல் வேண்டும். நாம் கோரும் மத்தியஸ்தம் இதுவே.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள், வார இறுதிகளிற் பாடசாலைகளிலே கூடுவதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். சில்லறைக் கடனுக்கும் அயலவர் சண்டைக்கும் அவை பயன்பட்டுள்ளன. மணமுறிவுக் கட்டளை வழங்கும் அதிகாரமோ அவற்றுக்கு இல்லை. பிள்ளைகளின் மனம் அறிந்தோரும் பெண்களும் சரிபாதியாக இடம்பெறும் தனிக் குழுக்களே இதற்கு ஏற்றவை. ஓய்வுபெற்ற அதிபர் என்ற தகுதி மட்டும் போதாது. (எம் தொழிலினரே இதற்காக எம்மைக் கோபிக்கக்கூடும், கோபிக்கட்டும்.)

அடியும் உதையும் உள்ள வீட்டுக்கு இம்முறை ஆகாது. அஞ்சுபவளும் அச்சுறுத்துபவனும் ஒரே மேசையிலமர்ந்தால் சமமாகிவிடார். அங்கே முதலில் வேண்டியது, 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை. பிள்ளையின் தாபரிப்புப் பணத்தையும் பேரம்பேசிக் குறைக்க யாருக்கும் உரிமையில்லை.

எமது வகுப்பிலே விவரப் படிவம் நிரப்பிய மாணவன் ஒருவன், “பாதுகாவலர்” என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தான். காரணங் கேட்டோம். “வழக்கு முடியவில்லை, சேர்” என்றான். அவனுக்கு வயது பதினொன்று.